அப்பாவின் வலது கை

என் அப்பாவின் இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆளுடையது என்று சொல்ல மாட்டீர்கள். இருபத்தொன்பது வருஷம் வத்தலகுண்டு – கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். இடது கை கியரில், வலது முழங்கை ஜன்னல் விளிம்பில். அந்த வலது கை முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் கன்னங்கரேலென்று, தண்ணீர் வற்றிய கண்மாய்த் தரை மாதிரி கோடு கோடாக இருக்கும். இடது கைக்குப் பத்து வயது குறைவு. சின்ன வயதில் நானும் தம்பியும் அவர் மடியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து விளையாடுவோம். "இது கொடைக்கானல் கை, இது வத்தலகுண்டு கை" என்பார்.

2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. 28 வருஷம் வண்டி ஓட்டியவர், வயது 69. முகத்தின் ஒரு பாதி சாதாரணமாக இருக்க, மறு பாதி சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் அவருக்கு இடது கன்னம். அந்தப் படத்தைப் பார்த்து எல்லாரும் அதிர்ச்சியானார்கள். எனக்கு அது எங்கள் வீட்டு ஆல்பம்.

இவ்வளவு அருகிலிருந்து பார்த்து வளர்ந்த நான் சன்ஸ்கிரீன் போட ஆரம்பித்தது 36 வயதில். அதற்கு முன்னால் யாராவது கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் எப்படித் தப்பானது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

"நம்ம கலருக்கு எதுக்கு?"

இதுதான் முதல் பதில், பாதி சரியான பதிலும்கூட. நம் தோலில் இருக்கும் மெலனின் நிஜமாகவே ஒரு குடை. கறுப்பின மக்களின் தோலை வைத்து 1979-ல் நடந்த ஒரு ஆய்வில், அந்தத் தோலுக்கு இயல்பாகவே 13 எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்குமே, அந்த எண்) அளவுக்குத் தடுப்பு இருப்பதாகவும், வெள்ளைத் தோலுக்கு மூன்றரைக்கும் குறைவு என்றும் கணக்கிட்டார்கள். நாம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறோம். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே அபூர்வம் என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாக்காரரின் பயத்தை நாம் கடன் வாங்கத் தேவையில்லை.

"கறுப்பருக்கும் தோல் புற்றுநோய் வரும், பாப் மார்லியைப் பாருங்கள்" என்று பயம் காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. மார்லி 1981-ல், 36 வயதில், அந்த நோயில் இறந்தது உண்மை. ஆனால் அது கால் விரல் நகத்துக்கு அடியில் தொடங்கியது. அந்த வகைக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. சன்ஸ்கிரீன் அவரைக் காப்பாற்றியிருக்காது. நல்ல பொருளை விற்கவும் பொய் தேவைப்படுகிறது பாருங்கள்.

அப்புறம் நமக்கு என்னதான் பிரச்சினை? மங்கு. பரு போன பிறகும் மாசக்கணக்கில் போகாத கருந்தழும்பு. நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம். நம்மைக் காக்கும் மெலனின்தான் இங்கே வம்பு செய்கிறது. பூனை தாண்டினாலும் ஊரையே எழுப்பும் காவல்காரர் மாதிரி, வெயில் கொஞ்சம் தட்டினாலும் நம் தோல் நிறத்தைக் கொட்டிவிடும். கொட்டியதை அள்ளுவது லேசான வேலை இல்லை.

எனக்கு மங்கு வந்தது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. இடது கன்னத்தில் தேயிலை டிகாக்‌ஷன் சிந்தின மாதிரி. மருந்துக் கடையில் காட்டினேன். கடைத் தம்பி யோசிக்கவே இல்லை. "இதப் போடுங்கக்கா, ஒரு மாசத்துல பளிச்சுனு ஆயிரும்" என்று ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தான். ஆயிற்று. மூன்றே வாரத்தில் பளிச். "என்ன போடுற?" என்று ஆபீஸில் இரண்டு பேர் கேட்டு வாங்கியும் போனார்கள். நிறுத்திய பத்தாம் நாள் முகம் சிவந்து எரிந்தது, மங்கு முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்ததை தோல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2018-லேயே மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. சட்டம் தில்லியில் இருக்கிறது, கடை தெருமுனையில் இருக்கிறது.

"நான் வெயில்லயே போறதில்லையே"

டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சன்ஸ்கிரீன் போடுறீங்களா?"

"நான் வெயில்லயே போறதில்லை டாக்டர். காலைல ஸ்கூட்டர், துப்பட்டாவ சுத்திக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஏசி."

"ஆபீஸ்ல எங்க உக்காருவீங்க?"

"ஜன்னல் பக்கம்."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

என் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது.

சூரியனின் புற ஊதாக் கதிர் நம்மிடம் இரண்டு விதமாக வந்து சேர்கிறது. யுவிபி தோலைச் சுடும், சிவக்க வைக்கும், உரிய வைக்கும். அதை ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் நிறுத்திவிடும். யுவிஏ கமுக்கமான ஆள். சுடாது, எரியாது, வந்ததே தெரியாது. சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து, தோலின் அடி அடுக்கு வரைக்கும் போகும். தரைக்கு வரும் புற ஊதாக் கதிரில் 95 சதவீதம் இதுதான். மதுரையில், மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில், மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும், ஆறு வருஷம் என் இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏசி குளிரில்.

காருக்கும் இதே கதை. முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்துச் செய்தது, யுவிஏயைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படி இல்லை. வண்டிக்கு வண்டி வித்தியாசப்படும்.

மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். நம் மாதிரி நிறமுள்ள தோலில், கண்ணுக்குத் தெரியும் சாதாரண சூரிய வெளிச்சமே கருமையைக் கூட்டும். வெள்ளை சன்ஸ்கிரீன்கள் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தது அதைத்தான். இதைக் கேட்டுவிட்டு கம்ப்யூட்டர் திரைக்கும் டியூப்லைட்டுக்கும் பயப்பட வேண்டாம். "போன் வெளிச்சத்திலிருந்து பாதுகாக்கும் கிரீம்" என்று விற்கிறார்களே, சூரியனுக்கு முன்னால் போன் திரையெல்லாம் மின்மினிப்பூச்சி.

"வெயிலே இல்லையே இன்னிக்கு"

வெயில் என்றால் நமக்குச் சூடு. சுட்டால் வெயில், சுடாவிட்டால் இல்லை. புற ஊதாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

கத்திரி மே 4 வாக்கில்தான் ஆரம்பிக்கும். ஆனால் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுவிலேயே. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். அன்றைக்குத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பை நட்டு 'நிழலில்லா நாள்' பார்ப்பார்கள். ஆகஸ்டிலும் ஒருமுறை அந்த நாள் வரும். கத்திரி என்பது தரை சூடேறி முடித்த காலம். புற ஊதா உச்சத்துக்கு வருவது அதற்கும் முன்னால்.

இதை அளக்கத்தான் புற ஊதாக் குறியீடு. போனில் வானிலை செயலியைத் திறந்தால் வெப்பநிலைக்குக் கீழே எங்கேயோ ஒரு சின்ன எண்ணாகக் கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 11-ஐத் தொட்டால் உச்சபட்ச ஆபத்து. நம் ஊரில் மார்ச், ஏப்ரல் நடுப்பகலில் 11, 12 எல்லாம் சர்வசாதாரணம். மேகமில்லாத மார்கழி மத்தியானத்திலும் 8-ஐ ஒட்டி வரும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோலம் பார்க்கப் போகும் மார்கழிதான். விடியற்காலைக் கோலத்துக்கு ஒன்றும் தேவையில்லை, பதினோரு மணி சுற்றலுக்குத் தேவை.

போன வருஷம் தம்பி குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். பனிமூட்டம், பல் கிட்டிக்கும் குளிர். தம்பி மனைவி என் கையிலிருந்த ட்யூபைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணி, சூரியனே இல்ல, யாருக்குப் போடுறீங்க?" சாயங்காலம் ஏரியில் படகு விட்டுவிட்டு வந்தபோது அவள் மூக்கு நுனி மின்னியது. மூன்றாம் நாள் வீட்டில் உரிந்தது. மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை புற ஊதா வந்துவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் இரண்டாயிரத்துக்கும் மேலே. மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது, சூரியனுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற திரை மெலிகிறது. 1899-ல் வெள்ளைக்காரர்கள் சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஆய்வகம் வைத்த மலை அது. அங்கே போய்ச் சூரியனே இல்லை என்கிறோம்.

செயலி எல்லாம் வேண்டாம் என்றால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது. நெட்டையாக இருந்தால் பெரிய கவலை இல்லை.

"50 போட்டாச்சு, கவலையில்லை"

சரி, போட ஆரம்பித்தேன். ஆறு மாசம் ஆகியும் ட்யூப் தீரவில்லை. "நல்லா உழைக்குது" என்று பெருமையாக டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கணக்குப் போடுங்கள். எஸ்.பி.எஃப். சோதனையை ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் செய்கிறார்கள். முகமும் கழுத்தும் சேர்த்தால் சுமார் ஒன்றரை கிராம் வரும். 50 கிராம் ட்யூப் ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு தரம் போட்டாலே ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். எனக்கு ஆறு மாசம் வந்தது. அதாவது வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு. அப்படிப் போட்டால் டப்பாவில் அச்சடித்திருக்கும் 50, முகத்துக்கு வரும்போது பத்தைத் தாண்டாது. பூசாத இடத்தில் பூஜ்யம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு பிதுக்குங்கள், முகம் கழுத்துக்கு அதுதான் அளவு. முதல் நாள் "இவ்வளவா!" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

50-க்கும் 30-க்கும் ஏகப்பட்ட வித்தியாசம் என்பதும் கற்பனைதான். சரியான அளவு போட்டால் 15 என்பது சுமார் 93 சதவீத யுவிபியைத் தடுக்கும், 30 என்பது 97, 50 என்பது 98. 30-ஐத் தாராளமாகப் போடுபவர், 50-ஐப் பொட்டு வைப்பது போலப் போடுபவரைவிடக் கெட்டிக்காரர். முகப்பவுடரில் 15, கிரீமில் 30, மொத்தம் 45 என்று கூட்டவும் முடியாது. அது வட்டிக் கணக்கு இல்லை.

இன்னொன்று, இந்த எண் யுவிபிக்கானது. என் கன்னத்தைக் கெடுத்த யுவிஏக்கு 'பி.ஏ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பார்க்க வேண்டும். ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த முறை. நான்கு குறி அதிகபட்சம்.

"30 என்றால் 30 மடங்கு நேரம் வெயிலில் நிற்கலாம்" என்பதும் தப்பு. காலை 9 மணி வெயிலில் ஒரு மணி நேரமும் மதியம் 1 மணி வெயிலில் 15 நிமிஷமும் ஏறக்குறைய ஒரே அளவு. கடிகாரத்தை வைத்து அளக்க முடியாது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே மறுபடி. 'வாட்டர்புரூஃப்' என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அந்த வார்த்தையையே அமெரிக்காவில் 2011-ல் லேபிளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தண்ணீரில் 40 நிமிஷமோ 80 நிமிஷமோ தாங்கும், அவ்வளவுதான். நாள் முழுக்க ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பவர் காலையில் ஒருமுறை, சாயங்காலம் வெயிலில் கிளம்புமுன் ஒருமுறை போட்டால் போதும். ட்யூபை ஸ்கூட்டர் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருப்பது பிரிந்துவிடும்.

"போட்டா வெள்ளையாயிருவேனா?"

ஆக மாட்டீர்கள். நம் ஊரில் சன்ஸ்கிரீன் சிவப்பழகு கிரீம்களின் பக்கத்து அடுக்கில் வந்து உட்கார்ந்ததால் வந்த வினை இது. வெள்ளையாக ஆசைப்படுபவர்கள் தப்பான காரணத்துக்கு வாங்குகிறார்கள். "என் கறுப்பு எனக்கு அழகு" என்பவர்கள் சரியான காரணத்துக்காக ஒதுக்குகிறார்கள். அவர்களிடம் ஒன்றுதான் சொல்ல வேண்டும். இது நிறத்தை மாற்றாது. உங்கள் நிறத்தை உங்களுக்கே ஒரே சீராக வைத்திருக்கும்.

போட்டவுடனே மாவு மில்லிலிருந்து வந்தவள் மாதிரி இருக்குமே, அது வேறு விஷயம். துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டையாக்ஸைடும் பூசுகிற வெள்ளை அது. நம் தோலில் சாம்பலாகத் தெரியும். அந்த வகை கண்ணாடி மாதிரிக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது, மற்றதெல்லாம் 'கெமிக்கல்' என்று ஒரு பேச்சும் உண்டு. உண்மையில் துத்தநாகமும் பெரும்பாலான கதிரை உறிஞ்சத்தான் செய்கிறது, திருப்புவது கொஞ்சம்தான். இரண்டு வகையும் வேலை செய்யும். முகத்துக்கு ஒத்துக்கொள்வதை, தினமும் போட மனசு வருவதை வாங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு முகத்துக்கு ஜெல், வறண்ட முகத்துக்கு கிரீம். தேங்காய் எண்ணெயும் நலங்கு மாவும் தோலுக்கு நல்லதுதான், ஆனால் நடுப்பகல் புற ஊதாவுக்கு முன்னால் அவை நிற்காது.

சில வகைகளில் இருக்கும் ரசாயனம் ரத்தத்தில் கலப்பதாகச் செய்தி வந்ததே என்பீர்கள். கலப்பது உண்மை, சோதித்துச் சொன்னார்கள். அதனால் கெடுதல் வந்ததாக நிரூபணம் இல்லை. மனசு கேட்காவிட்டால் துத்தநாக வகைக்குப் போய்விடுங்கள். ஆறு மாசத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு எதுவுமே பூச வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

"அப்புறம் வைட்டமின் டி?"

இது அம்மாவின் கேள்வி. "சூரிய வெளிச்சத்தையே மறைச்சுட்டா எலும்பு என்னத்துக்காகும்?" நியாயமான கேள்வி. ஆனால் வாழ்நாளில் சன்ஸ்கிரீனைத் தொடாத அம்மாவுக்கே வைட்டமின் டி குறைவு, வாரம் ஒரு மாத்திரை. நம் ஊரில் இந்தக் குறைபாட்டுக்குக் காரணம் ட்யூப் இல்லை. நாள் முழுக்க வீட்டுக்குள், ஆபீஸுக்குள் இருக்கிறோம், உடலை மூடி உடுத்துகிறோம், நிறமுள்ள தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். முகத்துக்கு மட்டும் போடும்போது கையும் காலும் திறந்துதான் இருக்கின்றன. உடல் முழுக்க தினமும் பூசுபவர் வேண்டுமானால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். குறைந்தால் மாத்திரை இருக்கிறது. மங்குக்கு அப்படிச் சுலபமான மாத்திரை இல்லை.

தினமும் போடுவதால் நிஜமாகப் பலன் உண்டா என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நம்போர் என்ற ஊரில் 1992-லிருந்து சோதனை நடந்தது. 1,621 பேரில் ஒரு பாதியைத் தினமும் போடச் சொன்னார்கள், மறு பாதி அவரவர் இஷ்டம். நாலரை வருஷம் கழித்துப் பார்த்ததில், தினமும் போட்ட 55 வயதுக்குள்ளானவர்களின் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. அவர்கள் போட்டது 50-கூட இல்லை, 15-ஐ ஒட்டியது. வெள்ளைத் தோல்காரர்கள் என்பதால் அந்த எண் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தினமும் என்ற வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு பொருந்தும்.

கடைசியாக, குடை

இதையெல்லாம் எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ரோட்டில் தார் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிற வெயிலையெல்லாம் வாங்குபவர்கள் அவர்கள். மாசம் ஒரு ட்யூப் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரிசையில் முதலில் நிழல், அடுத்து துணி, தொப்பி, குடை. மூடாமல் மிச்சம் இருக்கும் இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். நம் தாத்தாக்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன கறுப்புக் குடை, அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது, 90 சதவீதத்துக்கும் மேல் புற ஊதாவைத் தடுத்தது. தரையில் பட்டு எகிறும் கதிர் மட்டும் பாக்கி. ஆம்பளைகள் வெயிலுக்குக் குடை பிடிக்கும் வழக்கத்தை நாம் எப்போது, எதற்காக விட்டோம் என்று தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் ஆகிறது. என் மேஜையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ட்யூப் முப்பத்தைந்து நாளில் தீர்கிறது. மங்கு போகவில்லை, வெளிறியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் தெரியும். உற்றுப் பார்ப்பவள் நான் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் நான் பூசிக்கொண்டிருந்ததை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதப் போட்டா என் கை பழைய நிறத்துக்கு வந்துருமா?"

"வராதுப்பா. இனிமே ஏறாம இருக்கும், அவ்வளவுதான்."

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துவிட்டு இடது கையை நீட்டினார்.

"அப்ப வத்தலகுண்டுக்குப் போடு. இதையாவது காப்பாத்துவோம்."